75,000 ரூபாய் இருக்கிறது: தம்பி கேம் விளையாட ஷோரூம் பிராண்டு கம்ப்யூட்டர் வாங்கலாமா?

செங்கோட்டை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஆபீஸில் டாலி போடும் அளவுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் தம்பி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படிக்கிறான். பத்தாம் வகுப்பில் 450 தாண்டினால் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். 461 எடுத்தான். அந்த மாதமே அப்பாவுக்கு ஆபரேஷன். எடுத்து வைத்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் ஒரு நாள்கூட வாய் திறந்து கேட்கவில்லை. நண்பன் வீட்டில் விளையாடிவிட்டு ராத்திரி சைக்கிளை மிதித்துக்கொண்டு வருவான். இப்போது சீட்டு எடுத்து 75,000 ரூபாய் கையில் இருக்கிறது. இந்த முறை தப்பு நடந்துவிடக் கூடாது.

அவன் விளையாடுவது வாலரண்ட், ஜிடிஏ 5. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. படிப்புக்கு ஆட்டோகேட் ஓட வேண்டும்.

தென்காசியில் ஒரு ஷோரூமில் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்த பெரிய பிராண்டு. ஐ5 12400 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 22 இஞ்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் எல்லாம் சேர்த்து 58,000. மூன்று வருட வாரண்டி. "ஐ5 மேடம், எல்லா கேமும் ஓடும். பத்தாது என்றால் பிறகு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளலாம்" என்று கடைப் பையன் சொன்னான்.

தம்பி வேண்டாம் என்கிறான். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்யலாம் என்பது அவன் கட்சி. அப்பாவோ, "பேர் போன கம்பெனி என்றால் கெட்டுப்போனாலும் வீடு தேடி வருவான், ரிச்சி தெருக்காரன் வருவானா?" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. எங்கள் வீடு வேறு ஆனி, ஆடி சாரலில் சுவரே வியர்க்கும் வீடு. கரண்ட்டும் ஏறி இறங்கும். என்ன செய்யட்டும்?

மத்தளம்பாறை:

அக்கா, பாலிடெக்னிக் பையன் என்றால் கேமிங் லேப்டாப் வாங்குங்கள். ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துப் போகலாம், யுபிஎஸ் தேவையில்லை, மானிட்டர் தேவையில்லை. எச்பி விக்டஸ், லெனோவா எல்ஓக்யூ, ஏசர் நைட்ரோ, அசுஸ் டஃப் என்று எல்லா பெரிய பிராண்டிலும் இருக்கிறது. நான் மூன்று வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, வாட்டைக் கேட்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரை 35 வாட்டிலும் வைக்கலாம், 115 வாட்டிலும் வைக்கலாம். அந்தச் சில்லைச் செய்யும் என்விடியா கம்பெனியே அப்படி அனுமதித்திருக்கிறது. மெலிசான லேப்டாப் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே கார்டு மூச்சுத் திணறும். என்னுடையது நல்ல வாட்தான். ஆனால் கேம் ஓடும்போது கீபோர்டில் விரல் வைக்க முடியாத சூடு, விசிறிச் சத்தத்தில் அம்மா சீரியல் பார்க்க முடியவில்லை என்பார். வருடத்துக்கு ஒரு முறை திறந்து தூசி எடுக்கிறேன். 75,000 என்பது லேப்டாப்புக்கு விளிம்பில்தான் நிற்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

புளியரை சர்வீஸ்:

தங்கச்சி, நான் 19 வருடமாகக் கேபினெட் திறந்து பிழைக்கிறவன். கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து செட்டு வரும். கடைக்காரன் சொல்கிறான் என்று ஒதுக்கிவிடாமல் முழுசாகப் படியுங்கள்.

முதலில் நீங்கள் பார்த்த அந்த 58,000 ரூபாய் செட்டு. அது மோசமான செட்டு இல்லை. ஆபீஸுக்கு, டாலிக்கு, ஆன்லைன் கிளாஸுக்கு அதைவிட நிம்மதியான சாமான் கிடையாது. சத்தம் போடாது, கரண்ட் குடிக்காது, ஐந்து வருடம் அப்படியே ஓடும். 12400 நல்ல ப்ராசஸர்தான். ஆனால் அதில் கேம் படத்தை வரைவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் யுஎச்டி 730 என்ற சின்ன கிராபிக்ஸ். வாலரண்ட் ஓடும். ஜிடிஏ 5-ஐ எல்லாவற்றையும் குறைத்து வைத்து ஓட்டலாம். ரெட் டெட் 2-க்கு அதைத் தயாரித்தவர்களே குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 770, நன்றாக ஓட 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 என்ற தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். டிஸ்கில் இடம் மட்டும் 150 ஜிபி கேட்கும். "ஐ5, எல்லா கேமும் ஓடும்" என்பது தெரியாமல் சொல்லும் பேச்சு. அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

அதைவிட எனக்குக் கவலை, "பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம்" என்று சொன்னதுதான்.

2021-ல் ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பெரிய பிராண்டு செட்டு ஒன்றை பைக்கில் அண்ணன் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கூடவே செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு, துண்டில் சுற்றி, குழந்தையைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தான். ஏலக்காய் எடுக்கப் போய்ச் சேர்த்த காசு என்றான். மூடியைக் கழற்றினேன். உள்ளே எல்லா பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் டிபன் பாக்ஸ் அளவுக்கு இருந்தது. மேலே 180 வாட் என்று ஸ்டிக்கர். சாதாரணமாக மதர்போர்டுக்குப் போக வேண்டிய 24 முனை வயர் அதில் இல்லவே இல்லை. ஆறு முனையில் ஒரு வயர், நாலு முனையில் ஒரு வயர், அவ்வளவுதான். ஹார்டு டிஸ்குக்கான கரண்ட்டே மதர்போர்டிலிருந்துதான் போகிறது. கார்டுக்கு என்று தனி வயர் எங்கே என்று அவன் என்னைப் பார்க்கிறான். இல்லாத வயரை நான் எங்கே காட்டுவேன்?

வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டலாமே என்றான். வெளிக்கடையில் விற்கும் எஸ்எம்பிஎஸ் 24 முனை, அந்தப் போர்டு 6 முனை. மாற்று வயர் வாங்கலாம். ஆனால் கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் உட்காரும் பொந்தே வேறு அளவு. சரி, கேபினெட்டையும் மாற்றலாம் என்றால் அந்த மதர்போர்டின் ஆணித் துளைகள் வேறு இடத்தில், பவர் பட்டனின் வயர் வேறு மாதிரி, விசிறியின் முனையும் வேறு. எல்லாவற்றையும் எப்படியோ மாட்டினாலும் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் விசிறியைக் காணோம், எஃப்1 அழுத்து என்று நிற்கும். மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ப்ராசஸரும் ராமும்தான். அந்தப் பையன் கார்டைத் திரும்பத் துண்டில் சுற்றினான். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

பெரிய கம்பெனிகள் வேண்டுமென்றே ஏமாற்ற இப்படிச் செய்வதில்லை. ஆபீஸுக்கு ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செட்டு போகும்போது 12 வோல்ட் மட்டும் தரும் சின்ன எஸ்எம்பிஎஸ் வைத்தால் மின்சாரமும் மிச்சம், அடக்கமும் மிச்சம். அந்த வேலைக்கு அது சரியான வடிவமைப்பு. கேம் கேட்பது வேறு. நாளைக்கு ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றை மாட்ட இடம் வேண்டும், கூடுதல் வாட் வேண்டும், சூடு வெளியே போக வழி வேண்டும். ஆபீஸ் செட்டு பூட்டிய வீடு மாதிரி.

இது கம்பெனிகளுக்கே தெரியும். கேமிங் கம்ப்யூட்டர் செய்யும் ஏலியன்வேரை டெல் 2006-ல் தனியாக விலை கொடுத்து வாங்கியது. அதே வருடம் எச்பி வூடூ பிசி என்ற கேமிங் கம்பெனியை வாங்கியது. கேமுக்கு என்றே லெனோவாவுக்கு லீஜியன், ஏசருக்குப் பிரிடேட்டர். வீட்டுக்கு விற்கும் பெட்டியும் கேமுக்கு விற்கும் பெட்டியும் ஒன்று என்றால் எதற்கு இரண்டு பெயர் வைக்கிறார்கள்? அதனால் பிராண்டு நல்லதா என்று கேட்காதீர்கள். அந்தப் பிராண்டில் எந்தப் பெட்டி என்று கேளுங்கள்.

இன்னொன்று, 8 ஜிபி ராம் என்றீர்களே, ஒரே குச்சியா இரண்டு குச்சியா? பெரும்பாலும் ஒரே குச்சிதான் இருக்கும். இரண்டு குச்சியாக இருந்தால் ப்ராசஸருக்கு இரண்டு வழியில் விவரம் போகும். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் கேம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து, தம்பி சொல்கிற அசெம்பிள் செட்டு. அவன் சொல்வது சரி. ஆனால் அசெம்பிள் என்ற பெயரில் நடக்கும் தப்பையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானே செய்திருக்கிறேன். 2014-ல் ஒருவர் விலையைக் குறை, குறை என்று நெருக்கியதில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். ஏழாவது மாதம் கார்டையும் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போனது. அவருக்கு இரண்டையும் என் காசில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸில் காசு குறைக்கச் சொல்கிறவர்களுக்கு நான் செட்டு போடுவதில்லை. பில்லில் ப்ராசஸர் பெயர், கார்டு பெயர் எல்லாம் பெரிதாக எழுதிவிட்டு எஸ்எம்பிஎஸ் என்று மட்டும் பெயரில்லாமல் எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை செய்யுங்கள். ஷோரூமுக்கு மறுபடி போய் அந்தச் செட்டின் முதுகுப் பக்கத்தைப் போட்டோ எடுங்கள். எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா, இந்த இரண்டையும் கேட்டு இங்கே போடுங்கள்.

தென்மலை டீச்சர்:

அண்ணாச்சி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த அப்பாவின் பேச்சையும் தள்ளிவிட வேண்டாம். நான் அவர் கட்சி.

நாங்கள் இருப்பது தென்மலையிலிருந்து உள்ளே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில். துலா மாதம், உங்கள் ஐப்பசியில், இடி இடித்தால் வீட்டுக்குள் பல்பு மினுங்கும். முதலில் என் மகனுக்கு ஓர் ஊரில் அசெம்பிள் செட்டு வாங்கினேன், ஊர் பெயர் வேண்டாம். ஐந்தாவது மாதம் படம் வரவில்லை. போர்டு என்றால் போர்டு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், ராம் என்றால் ராம் கம்பெனிக்கு. எது கெட்டது என்று கண்டுபிடிக்கவே மூன்று முறை கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி என்பது கேட்க நன்றாக இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 வருடம், ராமுக்கு அதைவிட அதிகம் என்று அடுக்குவார்கள். ஆனால் நடுவில் நிற்பது நாம்தான்.

2021-ல் அதை விட்டுவிட்டு ஒரு பெரிய பிராண்டின் கேமிங் வகை டவர் வாங்கினேன். அந்த வருடம் கார்டுகளெல்லாம் கிரிப்டோ தோண்டுகிறவர்களிடம் போய், தனிக் கார்டு போட்ட விலையைவிட எங்கோ விற்றது நினைவிருக்கும். கார்டோடு வந்த முழுச் செட்டு அதைவிட மலிவாக இருந்தது. 14 மாதத்தில் எஸ்எம்பிஎஸ் போனது. போன் செய்த மூன்றாம் நாள் கொல்லத்திலிருந்து பையில் புது எஸ்எம்பிஎஸ்ஸோடு ஆள் வந்தார். வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து 40 நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போனார். காசு கேட்கவில்லை. அந்த 40 நிமிடத்துக்காகத்தான் நான் கூடுதல் விலை கொடுத்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அக்கா, வாரண்டி என்று சொன்னால் ஆன்சைட்டா, நாம் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று பில்லில் எழுத வாங்குங்கள். உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று வாங்குவதற்கு முன்பே கம்பெனி நம்பரில் கேளுங்கள். எல்லையோர ஊர்களில் இது பெரிய விஷயம். இடி விழுந்து போனால் எந்த வாரண்டியும் பேசாது. வானம் கறுத்தால் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள், நெட் வயரையும் சேர்த்து.

மத்தளம்பாறை:

டீச்சர் சொன்ன கணக்கு இப்போதும் வந்திருக்கிறது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. சில்லு செய்கிறவர்கள் ஏஐ சர்வர்களுக்கு ஒதுக்கிவிட்டதால் நமக்கு வருவது குறைந்துவிட்டது. பழைய ஸ்டாக்கில் போட்ட பிராண்டு செட்டுகள் சில கடைகளில் பாகம் பாகமாக வாங்குவதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். 16 ஜிபியோடு வருகிற எதையாவது பார்த்தால் விடாதீர்கள்.

செங்கோட்டை அக்கா:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், சந்தோஷப்பட்டார்.

நேற்று ஆபீஸ் விட்டதும் ஷோரூம் போனேன். எஸ்எம்பிஎஸ் 180 வாட் என்றுதான் எழுதியிருக்கிறது. ராம் ஒரே குச்சி. கார்டு போடலாம் என்று சொன்ன பையனிடம் "எந்தக் கார்டு?" என்று கேட்டேன். மேனேஜரிடம் போனான். மேனேஜர் மரியாதையாகவே சொன்னார், "இது கேமிங் மாடல் இல்லைம்மா, கேமிங் டவர் வேண்டும் என்றால் வரவழைத்துத் தருகிறேன், 95,000 ஆகும்" என்று. அவ்வளவு என்னிடம் இல்லை. ஆன்சைட் உண்டு, பின்கோடுக்கு வருவார்கள் என்று போனில் உறுதி செய்துவிட்டேன்.

அண்ணாச்சி, 180 வாட்டில் போடும் மாதிரி சின்னக் கார்டு எதுவுமே இல்லையா? இருந்தால் 58,000 செட்டும் கார்டும் சேர்த்து அப்பா மனமும் நிறைந்துவிடும்.

புளியரை சர்வீஸ்:

இருக்கிறது தங்கச்சி, மறைக்க மாட்டேன். கார்டு செருகும் ஸ்லாட் தானாகவே 75 வாட் தரும். அதற்குள் அடங்கும் கார்டுகளுக்குத் தனி வயர் வேண்டாம். 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ல் பல மாடல் 75 வாட். 2024-ல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 வெறும் 70 வாட், அதில் குள்ளக் கேபினெட்டுக்கு ஏற்ற பாதி உயர மாடலும் உண்டு. பழைய ஆபீஸ் செட்டை 15,000, 20,000-க்கு வாங்கி வருகிற பையன்களுக்கு இதைத்தான் மாட்டிக் கொடுக்கிறேன். ஒன்று மட்டும் பார்க்கச் சொல்வேன். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸரை விண்டோஸ் 11 முறையாக ஏற்காது. விண்டோஸ் 11-ல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் கணக்குக்கு இது வேண்டாம் என்பேன். 12400 முழு வேகத்தில் போனால் 117 வாட் வரை இழுக்கும். அதனோடு கார்டு 70. அங்கேயே 180 தாண்டிவிட்டது. கம்பெனி வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பதால் ஓடலாம். ஆனால் நம் ஊர் வெயிலில், மூச்சு விட இடமில்லாத கேபினெட்டில், தினமும் விளிம்பில் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 58,000-மும் கார்டு விலையும் சேர்ந்தால் 75,000 தாண்டிவிடும். அத்தனை காசு கொடுத்தும் அடுத்த கார்டுக்கு வழி இல்லை.

நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி குச்சி இரண்டு, 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பெயர் சொல்லும் கம்பெனியின் 550 வாட் ப்ரான்ஸ் தர எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் வலை வைத்த கேபினெட், 24 இஞ்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ். 71,800 வருகிறது, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து. யுபிஎஸ் தனி. ப்ராசஸர் புதுசு இல்லைதான், ஆனால் அவன் கேட்கும் மூன்று கேமுக்கும் ஆட்டோகேடுக்கும் தாராளம். ஆர்எக்ஸ் 6600 முழுதாக ஓடினாலும் 132 வாட்தான் குடிக்கும். நாலு வருடம் கழித்து சம்பாதிக்கும்போது கார்டை மட்டும் மாற்றட்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

யுபிஎஸ் விஷயத்தில் தெரிந்துகொள்ளுங்கள். 600 விஏ என்று எழுதியிருந்தால் தாங்குவது 360 வாட்தான். இந்தச் செட்டு மானிட்டரோடு சேர்ந்து கேம் நேரத்தில் 280 வரை போகும். புதிதாக இருக்கும்போது தாங்கும், பேட்டரி வயதானதும் கரண்ட் போகும் நொடியில் செட்டும் சேர்ந்து போகும். 1 கேவிஏ, அதாவது 1000 விஏ போடுங்கள். அதைவிட முக்கியம் எர்த். கேபினெட்டில் கை வைத்தால் சுருக்கென்று இழுத்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்த பிறகுதான் செட்டை மாட்ட வேண்டும். சாரல் வீடு என்றீர்களே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் வைக்காமல் மேஜை மேல் வையுங்கள். சாரல் மாதத்தில் தினமும் அரை மணி நேரமாவது ஓட்டட்டும். ஓடுகிற செட்டில் ஈரம் தங்காது.

ரிச்சி தெரு போய்த்தான் வாங்க வேண்டும் என்றால் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் பூட்டிய கேபினெட்டை அப்படியே ரயிலில் ஏற்ற வேண்டாம். பொதிகையில் அப்படி வந்த செட்டு ஒன்றில் கார்டின் கனம் ராத்திரி முழுக்க ஆடி ஆடி ஸ்லாட்டையே பெயர்த்துவிட்டது. கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

டீச்சர் பட்ட கஷ்டம் நியாயம். அதற்கு என்னால் சொல்ல முடிந்த பதில் ஒன்றுதான். எந்த பாகம் போனாலும் என் கடைக்குக் கொண்டுவாருங்கள், கம்பெனிக்கு அனுப்பி வாங்குவது என் வேலை. மூன்று வருடத்துக்கு அதற்குக் கூலி வாங்க மாட்டேன். பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அப்பாவையும் கூட்டி வாருங்கள்.

தென்மலை டீச்சர்:

அண்ணாச்சி, எழுதித் தருகிறேன் என்று நீங்கள் சொன்னதால் நான் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். எனக்கு விற்றவர்கள் அதை வாயால்தான் சொன்னார்கள். அக்கா, உங்கள் ஊரிலிருந்து கை எட்டும் தூரத்தில் இப்படி ஓர் ஆள் இருந்தால் அசெம்பிள். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் சீட்டுக் கட்டி பிராண்டு கேமிங் டவர்.

செங்கோட்டை அக்கா:

ஞாயிற்றுக்கிழமை அப்பா, தம்பி, நான் மூவரும் புளியரை போனோம். அண்ணாச்சி எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து மாட்டினார். எஸ்எம்பிஎஸ்ஸை அப்பா கையில் கொடுத்து கனம் பார்க்கச் சொன்னார். ப்ராசஸரை உட்கார வைக்கும் நேரத்தில் தம்பியைக் கூப்பிட்டு, "நீ வை" என்றார். அவன் கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வைத்தான். அந்தச் சின்ன முக்கோணக் குறியைச் சரியாகப் பொருத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கடையில் நன்றாக ஓடியது. பில்லின் பின்னால் அண்ணாச்சி எழுதிக் கொடுத்ததை அப்பா மடித்து எல்ஐசி பேப்பரோடு வைத்துவிட்டார். யுபிஎஸ்ஸுக்கு அம்மா தன் பங்கு கொடுத்தாள்.

ஆனால் இப்போது வீட்டில் மாட்டினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்" என்று வருகிறது. ஆட்டோவில் வரும்போது ஏதாவது ஆடிவிட்டதா? தம்பி முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். அவசரம் அண்ணாச்சி.

புளியரை சர்வீஸ்:

பயப்பட வேண்டாம். பின்பக்கம் மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது பாருங்கள். மேலே யுஎஸ்பி எல்லாம் இருக்கிற வரிசையிலா? அது மதர்போர்டின் ஓட்டை. 5600-க்குள் படம் வரையும் சில்லு கிடையாது, அதனால் அங்கே எதுவும் வராது. அதைக் கழற்றி, கீழே படுக்கை வாட்டில் இருக்கிற கார்டின் ஓட்டையில் செருகுங்கள்.

செங்கோட்டை அக்கா:

வந்துவிட்டது! மேலேதான் செருகியிருந்தோம். ரொம்ப நன்றி அண்ணாச்சி.

ஜிடிஏ 5 இறங்கிக்கொண்டிருக்கிறது, 100 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. இப்போது 9 சதவீதம். தூங்கப் போ என்றால் கேட்கவில்லை, மேஜைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுவிட்டான்.

புளியரை சர்வீஸ்:

நாளைக்கு நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணிக்குக் கரண்ட் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் நிறுத்தி முறையாக ஷட் டவுன் செய்யச் சொல்லுங்கள். விட்ட இடத்திலிருந்தே மறுபடி இறங்கும்.